காலர் மாஸ்டர் தைத்த பொத்தான்கள்

2018 மார்ச் 6 அன்று காலர் மாஸ்டருக்குப் பக்கவாதம் வந்தது. வயது ஐம்பத்திரண்டு, தொழில் தையல். சட்டைக் கழுத்தைப் பிசிறின்றித் தைப்பவர் என்பதால் கடையில் அந்தப் பெயர். அன்று அவருடைய வலது கை விழுந்துவிட்டது. ஜூலையில் விரல்கள் ஊசியைப் பிடிக்கத் தொடங்கின.

"பழகின வேலையையே திரும்பத் திரும்பச் செய்யுங்க, கை தானா வரும்" என்றார் பிசியோதெரபிஸ்ட்.

மறுநாள் முதல் அவர் மனைவி புதுச் சட்டைகளைக் கொண்டுவந்தார். பொத்தான் தைத்துத் தருமாறு முதலாளி அனுப்பியதாகச் சொன்னார். கடை தமக்காகக் காத்திருக்கிறது என்று நம்பிய மாஸ்டர், வலியைப் பொறுத்துக்கொண்டு தினமும் தைத்தார். மனைவி எண்ணிக்கையை நோட்டில் குறித்தார்.

ஆகஸ்ட் 21 அன்று மாஸ்டர் ஒரு சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பொத்தான் வைக்கும் இடமெல்லாம் பழைய ஊசித் துளைகள்.

"புதுச் சட்டைல ஏது இவ்ளோ ஓட்டை?"

"நீங்க மத்தியானம் படுத்ததும் பிரிச்சிடுவேங்க. மறுநாள் அதையே கொடுப்பேன்."

"அப்போ கடை?"

"உங்க மெஷின்ல மே மாசமே வேற ஆளைப் போட்டுட்டாங்க."

"நான் இல்லாம கடையே ஓடலைன்னியே! காதுல பூ சுத்த நான்தான் கிடைச்சேனா?"

"உங்களுக்குக் கை வரணுமேன்னுதாங்க..."

"வந்து? யார் சட்டைக்குத் தைக்க?"

மாஸ்டர் ஊசியை டப்பாவில் போட்டு மூடினார். மனைவி எவ்வளவோ கெஞ்சியும் அதைத் திறக்கவில்லை.

நோட்டில் ஆகஸ்ட் 20க்கு நேராக முப்பத்தொன்று என்று இருக்கிறது. ஆகஸ்ட் 21க்கு நேராக, பூஜ்ஜியம்.