அற்றோணித் தத்துவம்

எண்பத்து நாலில் மூத்தண்ணை லண்டனுக்குப் போகுமுன் என் பேரில் ஒரு தத்துவம் எழுதிவைத்தார். மறு வருடம் சின்னண்ணை கனடாவுக்குப் போகும்போது இன்னொன்று. சைவ சித்தாந்தமல்ல, அற்றோணித் தத்துவம். ஆள் இல்லாத இடத்தில் அவருக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்கலாம் என்று காணிப் பத்திரம் முடிக்கிற நொத்தாரிசு எழுதித் தருகிற அதிகாரம்.

அதன்பிறகு புத்தூர் வீட்டில் எங்களைப் பெற்ற ஐயாவும் நானும்தான். அவர்களின் நீர்வேலி வாழைத்தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்தேன். கொழும்புத்துறை வீட்டுக்கு ஆள் வைத்தேன், வாடகை தராதபோது வீட்டைவிட்டு எழுப்பினேன், வேலிச் சண்டைக்குக் கோடேறி வழக்காடினேன். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை! என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, நான் போனால் காணிகளை ஆர் பார்ப்பது என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். சீதனம் கல்யாணம் வந்தால்தான் எழுதுவார்கள். அது வரவில்லை. என் பேரில் ஒரு கோழிக்கூடுகூடக் கிடையாது.

நான் இங்கிலிஷ் படிப்பித்தவள். ஒரு சொல் கையில் கிடைத்தால் அதன் அடியைத் தேடாமல் விடமாட்டேன். அற்றோணி, அதாவது அட்டர்னி, பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்ததாம். திரும்புதல் என்பது அதன் வேர். தன் காரியத்துக்காக ஒருவர் யார் பக்கம் திரும்புகிறாரோ அவர்தான் அற்றோணி. முதலில் வாசித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. போகப்போகத்தான் விளங்கியது, காரியம் என்றால் மட்டும்தான் திரும்புவார்கள். நான் சாப்பிட்டேனா, பயந்தேனா என்று ஒருவரும் கேட்டு எழுதியதில்லை.

ஐயா படுக்கையில் விழுந்தார். மருந்தைவிட, சோற்றைவிட, அவருக்கு ஒரே ஒரு கவலைதான்.

"எனக்குக் கொள்ளி வைக்க ஆர் இருக்கினம், பிள்ளை?"

"நான் இருக்கிறன் ஐயா."

அவர் என் கையைப் பிடித்து, "அப்ப நீ வை" என்றார்.

சண்டையால் பாதையெல்லாம் பூட்டியிருந்த நாட்களில் அவர் போனார். அண்ணைமார் வர வழியில்லை. ஐயா சொன்னதைச் செத்தவீட்டில் சொன்னேன். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை என்றார் சாவகச்சேரியிலிருந்து வந்திருந்த சித்தப்பா. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ரெண்டு அண்ணைமாற்றை தத்துவமும் என்னட்டை இருக்கு. அவையின்ரை காணியை நான் விக்கலாம். இது மட்டும் ஏலாதோ?"

"அது காணிக்குத்தான், பிள்ளை" என்றார் சித்தப்பா, ஆறுதலாக. அந்த ஆறுதலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஐயர் ஒரு வழி சொன்னார். மகன்மார் இல்லாத இடத்தில் உரிமை எனக்குத்தான், ஆனால் நான் தர்ப்பையைக் கையில் கொடுத்தால் சித்தப்பாவின் மகன் எனக்காகச் செய்வான் என்றார். ஐயாவோடு நாலு வார்த்தை கதைத்திராதவன் அவன். பிரேதம் காத்துக்கொண்டு கிடந்தது. கொடுத்தேன். என் வாழ்நாளில் நான் எழுதிக்கொடுத்த ஒரே அற்றோணித் தத்துவம் அந்தப் புல்தான்.

பெண்கள் வாசல் படலையோடு நின்றுவிட்டோம். கொள்ளி வைத்தவன், முறைப்படி, திரும்பிப் பாராமல் வந்தான். எங்கள் கிணற்றில் தோய்ந்தான், சாப்பிட்டான், போனான்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து மற்றவர்களும் போனார்கள். மத்தியானம் ஐயாவின் கட்டிலைத் தட்டித் துடைத்தேன். துடைத்துவிட்டு அதன் பக்கம் திரும்பி நின்று, வாய்விட்டே சொன்னேன்.

"நான் வைக்கேல்லை, ஐயா. ஆளை விட்டுத்தான் வைச்சனான்."