கருகல் வராத உருளைக்கிழங்கு

இரண்டாம் உலக யுத்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் முன் அறையில் ஒரு பென்ஷன்காரர் குடியிருந்தார். கழுத்து நீண்ட மனிதர். மேகத்தைக் கண்டால் கழுத்தை இன்னும் நீட்டிப் பார்ப்பார். மலைக்குளிர் நுவரெலியாவில் வேலை பார்த்தபோது, உருளைக்கிழங்குக்குக் கருகல் நோய் வராமல் நீல மருந்து அடித்தடித்து அலுத்துப்போனாராம். இப்போது மருந்தே இல்லாமல் முற்றத்தில் அந்தக் கிழங்கை வளர்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு காலை நல்ல மழை. எனக்குக் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பனி வேலைக்கு இன்டர்வியூ. குடையைக் காணவில்லை. வெளியே பார்த்தால், வீட்டிலிருந்த குடைகள் எல்லாம் பாத்தியில் விரிந்திருந்தன. நடுவில் அவர் தொப்பலாக நனைந்து நின்றார்.

"ஐயா, என்ர குடை!"

"தம்பி, நீர் நனைஞ்சால் துவட்டலாம். இலை நனைஞ்சால் கருகல் வரும். பிறகு மருந்தெல்லோ அடிக்கவேணும்!"

நனைந்தபடியே போனேன். நீர் சொட்ட நின்ற என்னிடம் கம்பனியின் வெள்ளைக்காரத் துரை காரணம் கேட்டார். உருளைக்கிழங்கு என்றேன். வேலை கிடைக்கவில்லை.

கிழங்கு தோண்டிய நாளில் என்னையும் கூப்பிட்டார். கொழும்பு வெக்கையில் எல்லாம் புளியங்கொட்டை அளவுதான் விளைந்திருந்தன.

"பார்த்தீரோ, ஒரு இலையிலும் கருகல் இல்லை!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருடைய சந்தோஷத்தைப் பார்த்து நானும் வாழ்த்துச் சொல்லிவிட்டேன். எதற்காக வாழ்த்தினேன் என்றுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.