அம்மா திருப்பிக் கொடுக்காத தூக்குப்போசிகள்

ஓமலூருக்கு மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்தில், அண்ணன்மார்களுக்குப் பின் கடைக்குட்டியாகப் பிறந்தவர் எங்கள் அம்மா. மணமாகித் திருச்செங்கோட்டுக்கு வந்தார். அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ஆந்திரா, ஒடிசா என்று கிளம்பினால் திரும்பி வர மாதக்கணக்காகும். வீடு, மாடு, அண்ணன், நான் எல்லாம் அம்மா ஒருவர் தலையில்தான். அப்பா காலமான பிறகும் எவர் வாசலிலும் போய் நின்றதில்லை. வந்தவரைச் சாப்பிட வைக்காமல் அனுப்பியதும் இல்லை. அம்மாவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் அந்தச் சாப்பாட்டு மேசையில் ஒரு வேளையாவது உட்கார்ந்திருப்பீர்கள்.

இதெல்லாம் ஊரறிந்தது. நான் எழுத வந்தது வேறு. அம்மாவுக்கு மகள் நான் ஒருத்திதான். ஆனால் அண்ணன் மனைவியாக, எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் நங்கை என்று கூப்பிடும் அண்ணி வந்த நாளிலிருந்து, அம்மா மனசில் முதல் இடம் எனக்கா நங்கைக்கா என்பது எனக்குப் பெரிய கவலை. கட்டிக்கொடுத்த வாழப்பாடியிலிருந்து ஆசையாக போன் செய்தால், இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "இரு சாமி, அவகிட்டக் குடுக்கறேன்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மா மறைவதற்குச் சில மாதங்கள் முன்பு, அண்ணன் நாமக்கல்லில் கட்டிய வீட்டுக்குக் குடிபோக சாமான் கட்டினோம். மற்ற அறைகளை ஆட்கள் கட்டினார்கள். சாப்பாட்டு அறையில் மட்டும் அவர்களை நுழைய விடாமல், அம்மா நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அப்போதே மூச்சு வாங்கும். அதிகாரத்துக்கு மட்டும் குறைவில்லை.

"நீ ஃபேனுக்கடீல உக்காரு சாமி. அவ கட்டட்டும்."

கேட்டால் யாருக்குத்தான் எரியாது? பீங்கான் தட்டுகளை நங்கை செய்தித்தாளில் சுற்றுகிறார். ஊறுகாய் ஜாடியைப் பழைய துண்டில் பொதிகிறார். "ஏனுங்கத்தை, இது எந்தப் பொட்டீலீங்க?" என்கிறார். அம்மா கை காட்டுகிறார். என் காதுகுத்துக்கு வாங்கி என் பெயர் வெட்டிய தட்டைக்கூட நங்கைதான் எடுத்து வைத்தார். நான் விருந்தாளி மாதிரி காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

பொறுக்க முடியவில்லை. "ஏம்மா, நீ பெத்த புள்ள நானு. ஒரு டம்ளரத் தொடக்கூடாதா?" என்று எழுந்து அலமாரியின் கீழ்க்கதவை வெடுக்கென்று இழுத்தேன்.

"அதத் தொறக்காத கண்ணு!"

உள்ளே வரிசையாகத் தூக்குப்போசிகள். எல்லாவற்றிலும் என் மாமியார் பெயர் வெட்டியிருந்தது. நான் தாய்வீடு வரும்போதெல்லாம் மாமியார் கோழிக்குழம்போ பலகாரமோ கொடுத்தனுப்பிய போசிகள். அவை எங்கே என்று அவர் கேட்கும்போதெல்லாம், பஸ்ஸில் விட்டிருப்பேன் என்று சொல்லித் திட்டு வாங்கியவள் நான்.

"இதென்னம்மா அநியாயம்?"

எங்கள் பக்கத்தில் பண்டம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை. நம் வீட்டில் செய்ததை நிறைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

"வெறும் போசியாவா குடுக்கறது?" என்றார் அம்மா. "நீ வந்தாப் போதும், இதே டேபிள்ல உக்காந்து எங்கத்தை கொழம்பு, எங்கத்தை கொழம்புன்னு பாடுவ. நான் செஞ்சு குடுத்து, அதையும் அங்க உக்காந்து தின்னுபோட்டு, எங்கம்மா செஞ்சது சப்புன்னு இருக்குதுன்னு சொல்லிப்போட்டீன்னா?" முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இதுக்குத்தானுங்க அம்மிணி, உங்களத் தொட உடுல" என்று நங்கை சிரித்தார்.

எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. சம்பந்தியம்மாவைக் கண்டால் வாய் நிறையச் சிரிக்கும் அம்மா, என்னால் அவர்மேல் இத்தனை காலம் வயிறெரிந்திருக்கிறார்!

"புது ஊட்டுக்குப் போனதும் கச்சாயம் சுட்டு நெறச்சுக் குடுத்தர்றேன், போ" என்றார் அம்மா. பச்சரிசி மாவும் வெல்லமும் சேர்த்துச் சுடும் கச்சாயத்தில் அவரை அடிக்க ஆளில்லை. ஆனால் புது வீட்டு அடுப்படியில் நிற்க அவருக்குத் தெம்பு வரவில்லை. கடைசி நாட்களில் குளிப்பாட்டியதும் கஞ்சி ஊட்டியதும் நங்கைதான். அந்தக் கையைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தார்.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து, நங்கை வாழப்பாடிக்கு வந்தார். அத்தனை போசிகளிலும் கச்சாயம். என் மாமியார் ஒன்றைக் கடித்துப் பார்த்து, "சம்பந்தியம்மா கைப்பக்குவம் அப்படியே இருக்குதும்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் தின்றேன். அதே ருசி. அம்மா எனக்கும்தான் சொல்லிக்கொடுத்தார். நான் சுட்டால் பல் உடையும்.

அம்மாவைக் கவனித்த மருத்துவருக்கும், பாடை தூக்கிய பங்காளிகளுக்கும், ஓமலூர் மாமன்மார்களுக்கும், சமைத்துப் போட்ட அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. நங்கைக்கும் நன்றி. மனதாரத்தான் சொல்கிறேன், வயிற்றெரிச்சலோடும் சொல்கிறேன்.

அன்று அவர் கொண்டுவந்ததில் அம்மா பெயர் வெட்டிய போசி ஒன்றும் இருந்தது. எனக்கென்று தனியாகக் கச்சாயம் போட்டது. "நெறச்சுத் திருப்பிக் குடுத்துருங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

எதைச் செய்து நிறைப்பது? எங்கள் சாப்பாட்டு அறை அலமாரியின் கீழ்த்தட்டில் அது இருக்கிறது. நான் திருப்பிக் கொடுப்பதாக இல்லை.