எழுதாத தாளில் என் கையெழுத்து

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எதற்கெடுத்தாலும் பயம். சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் என் மனைவி செல்வியோடு கள்ளக்குறிச்சியில் ஒரு போர்ப் படம் பார்த்தேன். கதாநாயகன் எதிரிகளைச் சுடும்போதெல்லாம் விசில் அடித்தேன்.

மறுநாள் ஊரில் கிராம சபை. எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கேட்கத்தான் போனோம். கூட்டம் தொடங்கும் முன்பே ஊராட்சி எழுத்தர் தீர்மான நோட்டை நீட்டினார். பக்கம் முழுக்க வெள்ளை. அடியில் மடமடவென்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

செல்வி பேனாவை வாங்கவில்லை.

"மேல ஒண்ணுமே எழுதலியே சார், இன்னாத்துக்குக் கையெழுத்து?"

"அப்பறம் எழுதிக்கலாம்மா. உன் வூட்டுக்காரரே போட்டுட்டாரு."

"அவரு பயந்துகினு போட்டாரு. எங்க குழாய எழுதுங்க, போடறேன்."

அவரைப் பகைத்தால் நூறு நாள் வேலை போய்விடுமோ என்று பதறி அவள் புடவையை இழுத்தேன். அப்போதுதான் கவனித்தேன், அவள் கால் வெடவெடத்துக்கொண்டிருந்தது. படத்தில் ஒரு சிப்பாய் இப்படித்தான் நடுங்கிக்கொண்டே காவல் இடத்தைவிட்டு நகராமல் நின்றான். தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நோட்டை வாங்கி என் கையெழுத்தைக் கோடு போட்டு அடித்தேன். "மொதல்ல எழுதுங்க சார்" என்றபோது குரல் கிறீச்சிட்டது. எழுத்தர் முறைத்துக்கொண்டே எங்கள் குழாயை எழுதினார்.

குழாய் இன்னும் வரவில்லை. வேலைப் பட்டியலிலிருந்து எங்கள் பெயரை எடுத்துவிடுவார்களோ என்ற பதைப்பும் போகவில்லை. ஆனால் பயம் தெளிந்த பிறகு பேசலாம் என்று காத்திருந்தால், ஆயுசுக்கும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.