கவிழ்த்து வைத்த மங்கு

போன மாதம் குளுவாங்கில் ஒரு கோயிலில் அன்னதானம் முடிந்து கைகழுவப் பின்பக்கம் போனேன். ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்புப் பிள்ளைகள் குழாயடியில் உட்கார்ந்து, வந்தவர்கள் குடித்த டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வகுப்பு நடத்தும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. “யாரு குடிச்சதுன்னு பாக்காதீங்க லா, சாமி குடிச்சதுன்னு நெனச்சிக் கழுவுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கழுவிய டம்ளர்களெல்லாம் சிமெண்டுத் தரையில் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. ஒவ்வொன்றைச் சுற்றியும் ஈரம் வட்டமாகப் பரவியிருந்தது. பார்க்கிற யாருக்கும் மனம் நிறைந்திருக்கும். எனக்கு மட்டும் முதுகில் ஏதோ ஊர்ந்தது. கைகூடக் கழுவாமல் திரும்பிவிட்டேன்.

கழுவிக் கவிழ்த்த பாத்திரத்துக்குப் பயப்படுகிற மனுஷி இந்த ஜொகூர் முழுக்கத் தேடினாலும் நான் ஒருத்திதான் கிடைப்பேன். என் வீட்டில் பாத்திரத்தைக் கழுவினால் நிமிர்த்தித்தான் வைப்பேன். தண்ணீர் தேங்கும், கொசு வரும், மருமகள் முணுமுணுப்பாள். வயதாகிவிட்டது, இப்படித்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் நினைப்பதை நான் கெடுப்பதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

ஜப்பான்காரன் வருவதற்குப் பத்து வருஷம் முன்னால், பாலோ என்கிற ஊருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு ஏழு வயது. தம்பிக்கு ஒன்றரை. ரப்பர் விலை விழுந்து, பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். தோட்டத்தில் பாதியைப் பால் வெட்டாமல் போட்டுவிட்டார்கள். அந்தப் பாதிக்குள் லாலான் புல் ஆள் உயரத்துக்கு ஏறிக் கிடந்தது. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற பழைய கொட்டகை ஒன்று அதற்குள் எங்கேயோ இருந்தது என்று சொல்வார்கள். புல்லுக்கு மேலே அதன் கூரை மட்டும் தெரியும்.

அப்பாவும் அம்மாவும் விடியும் முன்பே பெரட்டுக்குப் போய்விடுவார்கள். பெயர் கூப்பிட்டு ஆள் பிரித்து அனுப்பும் இடம் அது. பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் ஆயாக்கொட்டகை பால் வெட்டாத அந்த ரப்பர்க் காட்டின் ஓரத்தில் இருந்தது. நான்கு கால், ஓர் அத்தாப்பு ஓலைக் கூரை, உத்திரத்தில் தொங்கும் ஐந்தாறு தூளிகள். அங்கே எப்போதும் புளித்த ரப்பர்ப் பால் வாடையும் குழந்தை மூத்திர வாடையும் கலந்து அடிக்கும். எங்கேயாவது பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டுக்குப் போனால், இத்தனை வருஷம் கழித்தும், ரப்பர் வாடை ஏன் வரவில்லை என்று என் மூக்கு ஒரு நிமிஷம் தேடும்.

எங்களைப் பார்த்துக்கொண்டவள் அலமேலக்கா. ஆயா என்றால் கிழவி என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்கும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுதான். வேறு தோட்டத்திலிருந்து ஒரு மூட்டையோடு தனியாக வந்தவள். புருஷன் ஊருக்குக் கப்பலேறிவிட்டான் என்று சொல்லியிருந்தாள். அந்த வருஷங்களில் யார் அப்படிச் சொன்னாலும் யாரும் மறு கேள்வி கேட்பதில்லை.

அவள் கதை சொல்வாள். கதை சொன்னால் முகம் அசையாது. எங்களைப் பார்க்கவும் மாட்டாள், மரங்களைப் பார்த்தே சொல்வாள். எல்லாம் கொடுக்கிற கதைகள். புறாவுக்காகத் தன் தொடையை அறுத்துத் தராசில் வைத்த ராஜா கதை. பஞ்சத்தில் கிடைத்த ஒரு பிடி மாவை வந்த விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டுப் பட்டினியால் செத்துப்போன குடும்பத்தின் கதை. அந்த விருந்தாளி கைகழுவிய இடத்தில் ஒரு கீரி புரண்டதாம். அதன் உடம்பில் பாதி பொன்னாகிவிட்டதாம்.

“மிச்சப் பாதி?” என்று நான்தான் கேட்டேன். அப்போதே வாய் அதிகம்.

“அது இன்னும் ஆவல. மனசாரக் குடுக்கற வேற எடம் கெடைக்குமான்னு அது தேடிக்கிட்டே திரியுது. சோத்துக்குக் கையை நீட்டறப்ப பக்கத்துல வந்து மோந்து பாக்கும். நமக்குத் தெரியாது.”

அதற்குப் பிறகு லாலான் புல் அசையும்போதெல்லாம் நாங்கள் எங்கள் கையைப் பார்த்துக்கொள்வோம்.

கதையோடு ஒரு வழக்கத்தையும் பழக்கினாள். மத்தியானம் அவரவர் தூக்குச்சட்டியைத் திறந்ததும் முதல் பிடியை எடுத்து ஒரு மங்கில் போட வேண்டும். மங்கு என்றால் மரத்தில் வடிகிற பாலைப் பிடிக்கக் கட்டுகிற பீங்கான் கிண்ணம். பதினோரு பிள்ளைகள், பதினோரு பிடி. சின்னக் கைதானே, ஒரு ஆள் சாப்பாடு தேறும். தன் சோற்றில் பாதியை அவளும் போடுவாள். அதைக் காட்டின் முதல் வரிசையில் ஒரு மரத்தடியில் வைத்துவிட்டு வருவாள்.

“மொதப் பிடி நம்ம பிடி இல்ல. வரப்போறவங்க பிடி.”

“யாருக்கா வருவாங்க?”

“பசிச்சவங்க யாரா இருந்தாலும் சாமிதான். நேரா வந்தா நமக்குத் தாங்காது. அதான் நாம பாக்காதப்ப வர்றாங்க.”

சாப்பிட்டுவிட்டுச் சின்னதுகள் தூங்கும். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். வெயில் காலத்தில் ரப்பர்க் காய்கள் வெடிக்கும், டப் டப்பென்று, ஒன்று இங்கே, ஒன்று எங்கோ உள்ளே. வேறு சத்தமே இருக்காது. கண் திறந்து போய்ப் பார்த்தால் மங்கு காலியாக இருக்கும். காலியாக மட்டும் இருந்தால் நாய் என்று சொல்லிவிடலாம், குரங்கு என்றும் சொல்லிவிடலாம். மங்கு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தினமும். தொட்டால் விரல் நனையும். அதாவது, வந்தவர் இப்போதுதான் போயிருக்கிறார்.

ஒரு நாள் தம்பிக்குப் பால் கொடுக்க வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டாள். மங்கு தரையில் தட்டையாகக் கவிழ்ந்திருக்கவில்லை. வேரின்மேல் ஒரு பக்கம் சாய்ந்து, விளிம்பில் பாதி மண்ணில் படாமல் இருந்தது. அம்மா அதையே பார்த்தாள். பிறகு அலமேலக்காவைப் பார்த்தாள். அலமேலக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாளிலிருந்து என் தூக்குச்சட்டியில் சோறு கூடியது. ஒரு துண்டுக் கருவாடும் வந்தது. “இதையும் மொதப் பிடியோட வச்சிடு” என்றாள் அம்மா. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சாமிமேல் கோபம் வந்தது. எனக்குக் கருவாடு உயிர். மாதம் இரண்டு முறைதான் கண்ணில் படும், அதுவும் இனி எனக்கு இல்லை. ஒரு நாள் யாரும் பார்க்காதபோது வாயில் போட்டுக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துப் புல்லுக்குள் ஏதோ ஓடியது. மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அன்றைக்கெல்லாம் பொன்னாகாத பாதியோடு ஏதோ ஒன்று என் பின்னாலேயே வருகிற மாதிரி இருந்தது.

இனித்தான் சொல்ல வேண்டியது. ஒரு மத்தியானம் அவள் இன்னொரு கதையை ஆரம்பித்தாள். வந்த விருந்தாளிக்கு இல்லை என்று சொல்லாத ஒரு தகப்பன். ஒரு நாள் வந்த சாமியார் மற்ற சோற்றைத் தொடமாட்டேன், ஒற்றைப் பிள்ளையைக் கறி சமைத்துப் போடு, தாய் பிடிக்கத் தகப்பன் அறுக்க வேண்டும் என்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிவருகிறார்கள். தாய் குளிப்பாட்டுகிறாள். அலமேலக்கா மரங்களைப் பார்த்துக்கொண்டே, அரிசி களைவதைச் சொல்கிற அதே குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். இலை போட்டாயிற்று. கறி வைத்தாயிற்று. சாமியார் உட்கார்ந்தாயிற்று.

அப்போது என் தம்பி தூளியில் வீறிட்டு அழுதான். எறும்பு கடித்திருக்கிறது. அவள் எழுந்து போய் அவனைத் தூக்கிக்கொண்டாள். எறும்பைத் தட்டினாள், தோளில் போட்டு உலாத்தினாள். கதை அங்கேயே நின்றுவிட்டது. மறுநாள் நான் கேட்கவில்லை. மிச்சத்தைக் கேட்க எனக்குத் தைரியமில்லை.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன். அலமேலக்கா என் தம்பியைத் தூளியிலிருந்து எடுத்தாள். முகம் துடைத்தாள். தலையை வாரிவிட்டாள். காட்டின் முதல் வரிசைக்குப் போய், மங்கு வைக்கிற மரத்தருகே நின்று, அவனை இரண்டு கையாலும் தூக்கி மரங்களுக்குக் காட்டினாள். அங்கே யாருமில்லை. வரிசை வரிசையாக மரங்கள்தான், ஒரே மாதிரி, கண்ணுக்கெட்டிய மட்டும். அவற்றுக்குப் பின்னால், புல்லுக்கு மேலே, பழைய புகைக் கொட்டகையின் கூரை.

“நல்லாப் பாத்துக்கங்க” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “இன்னிக்கி இவ்வளவு போதும்” என்றாள்.

தம்பி சிரித்தான். அவன் சிரித்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நீங்கள் அந்த ஏழு வயதுப் பெண்ணாக இருந்து பாருங்கள். தினமும் வந்து சாப்பிடுகிறவர், கண்ணில் படாதவர். சோறு கொடுத்தோம், கருவாடு கொடுத்தோம். அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். அலமேலக்கா இல்லை என்று சொல்ல மாட்டாள். அம்மாவும் சொல்ல மாட்டாள் என்று தோன்றியதுதான் பெரிய பயம். கேட்டதற்கு மேலேயே கொடுப்பவள் ஆயிற்றே.

மறுநாள் டிரசர் வந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். வாரம் ஒரு முறை வந்து எல்லாப் பிள்ளைகள் வாயிலும் மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மருந்தை ஊற்றுவார். அந்தக் கசப்புக்குப் பயந்து நான் எப்போதும் கடைசியில் ஒளிந்துகொள்வேன். அன்றைக்கு முதல் ஆளாகப் போய் வாயைத் திறந்தேன். விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

“சார், பழைய பொகைக் கொட்டகையில ஒருத்தர் இருக்காரு. எங்க தம்பியத் திங்கக் கேக்கறாரு.”

டிரசர் சிரித்தார். பிறகு அலமேலக்காவின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டார்.

ஒரு மணி நேரத்தில் ஆட்கள் கம்போடு புல்லுக்குள் போனார்கள். திரும்பி வரும்போது முன்னால் ஒருவர் மட்டும் நடந்து வந்தார். தலைமேல் சாக்கு போட்டிருந்தார். மற்றவர்கள் பத்தடி தள்ளியே வந்தார்கள். ஆயாக்கொட்டகைக்கு நேரே வந்ததும் அவர் நின்றார். தூளியைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கைகளில் விரல்கள் பாதிக்குமேல் இல்லை.

அலமேலக்கா எங்கள் எல்லோருக்கும் சோறு பிசைந்து கொடுத்து முடித்தாள். கையைக் கழுவினாள். மூட்டையை எடுத்துக்கொண்டாள். என்னைத் தாண்டும்போது நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

“தம்பிய நல்லாப் பாத்துக்க, பாப்பா” என்றாள். முதல் முறையாக முகத்தைப் பார்த்துப் பேசினாள். பிறகு அவரை ஏற்றிய மாட்டு வண்டிக்குப் பின்னால் நடந்து போனாள். கூட வரக் கூடாது என்று யாரோ சொன்னது கேட்டது. அவள் நடையை நிறுத்தவில்லை.

சாயங்காலம் அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இத்தனை வருஷம் சுமந்திருக்க மாட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“பாலெடுத்து முடிச்சா மங்கை வேர் மேல சாச்சித்தான் கவுப்போம். மழத்தண்ணி தேங்காதுல்ல. சாமிக்கு அது எப்படிடி தெரியும்? அது பால் வெட்டுக்காரன் கை. நான் மொத நாளே பாத்துட்டேன்.”

அவர் அலமேலக்காவின் புருஷன். பெருவியாதி கண்டதும் பழைய தோட்டத்தில் விரட்டிவிட்டார்கள். சர்க்கார் பிடித்தால் தனி முகாமில் அடைத்துவிடுவார்கள், இருவரும் பிரிய வேண்டும். அவர்களுக்கு ஒரு பிள்ளை இருந்து, காய்ச்சலில் போய்விட்டது. என் தம்பி வயதுதான். தூரத்திலிருந்து ஒரு பிள்ளை முகத்தைப் பார்த்தால் போதும் என்று கேட்டிருக்கிறார். அம்மா சரி என்றிருக்கிறாள். என்னைத் தவிர எல்லோரும் மனசாரக் கொடுத்திருக்கிறார்கள்.

கதையின் முடிவு எனக்கு இருபது வயதில்தான் தெரிந்தது. ஒரு திருவிழாவில் யாரோ பிரசங்கம் செய்தார். இலையில் உட்கார்ந்த சாமியார், உன் பிள்ளையைக் கூப்பிடு, அவனோடுதான் சாப்பிடுவேன் என்கிறாராம். எப்படி வருவான் என்று தெரியாமல் தகப்பன் வாசலில் நின்று கூப்பிடுகிறான். பிள்ளை ஓடி வருகிறான், முழுசாக. கூட்டத்தில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அந்த எறும்பு இன்னும் இரண்டு நிமிஷம் பொறுத்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

டம்ளர்களைப் பார்த்த மறுவாரம் தம்பியைக் கூட்டிக்கொண்டு நாங்கள் இருந்த தோட்டத்துக்குப் போனேன். அறுபதைத் தாண்டியவன், கெலாங் பாத்தாவிலிருந்து காரில் வந்தான். தோட்டம் இல்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகள் இல்லை. பால்மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை. ஆயாக்கொட்டகை இருந்த இடத்தை என்னால் சரியாகக் காட்ட முடியவில்லை. மங்கு என்றால் என்ன என்று அங்கே வேலை செய்கிற வங்காளத்துப் பையன்களுக்குத் தெரியவில்லை. முகாமுக்குப் போனவரும் பின்னால் நடந்தவளும் என்ன ஆனார்கள் என்று சொல்ல யாருமில்லை.

தம்பி காரிலேயே உட்கார்ந்திருந்தான். நான் மட்டும் மரங்களுக்குள் கொஞ்ச தூரம் போனேன். அங்கேயும் ஒரே மாதிரி வரிசைகள்தான். என்ன தோன்றியதோ, கதையில் அந்தத் தகப்பன் நின்ற மாதிரி நின்று, “அலமேலக்கா” என்று கூப்பிட்டேன். முதலில் மெதுவாக. பிறகு தொண்டை கிழிய.

பின்னால் காய்ந்த மட்டைகள் நொறுங்குகிற சத்தம் கேட்டது. யாரோ ஓடி வருகிறார்கள். திரும்பிப் பார்த்தேன்.

தம்பிதான், மூச்சு வாங்க ஓடி வந்துகொண்டிருந்தான்.

“என்னக்கா? கூப்டியா?”