ரங்கம்மாளின் தண்ணீர் முறை

வாத்தியார் என்றால் பாடம் சொல்லிக்கொடுப்பவர் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்பதுதான் பாதி வேலை என்று என்னைப் போல் சாக்பீஸ் தூள் தின்றவர்களுக்குத் தெரியும். ஐம்பதுகளின் கடைசியில் மங்கலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர்ப் பள்ளியில் நான் நாலாம் வகுப்பு எடுத்தேன். வயது இருபத்திரண்டு, சரியான அவசரக்குடுக்கை. அங்கே பட்ட பாட்டில் கொஞ்சம் சொல்கிறேன்.

உயர வரிசை

விவசாயி வீட்டுப் பிள்ளைகளும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் பலகைகளில் உட்காருவார்கள். தோல் தைப்பவர்கள் குடியிருந்த கிழக்கு வளவிலிருந்து வந்த ஒரே பிள்ளை ரங்கம்மாள். அவள் மட்டும் வாசற்படி ஓரமாகச் சாக்கு விரித்து உட்காருவாள். அங்கே உட்காரு என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. எனக்கு அது கண்ணை உறுத்தியது. இனிமேல் உயர வரிசைதான் என்று அறிவித்துவிட்டேன். ரங்கம்மாள் குள்ளம். ஆகவே முதல் பலகைக்கு வந்தாள், ஊரில் பெரிய தோட்டக்காரரான நாச்சிமுத்துக் கவுண்டரின் மகள் ருக்மணிக்குப் பக்கத்தில்.

மறுநாள் பதினொரு பிள்ளைகளைக் காணோம். வீட்டில் இருந்தால் தறிக்கு நூல் தார் சுற்றவேண்டும், ஆடு மேய்க்கவேண்டும் என்பதால் ஒரு வாரத்தில் எல்லோரும் தாமாகவே வந்து சேர்ந்தார்கள். அதற்குள் ரங்கம்மாளின் அப்பா சின்னான் என்னைப் பார்க்க வந்தார். உள்ளே கூப்பிட்டும் வராமல் வேப்பமரத்தடியிலேயே நின்றார். நான் சட்டம் எல்லாம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, இன்னொரு தகராறு வந்தால் பிள்ளையை நிறுத்திவிடுவதாகச் சொன்னார். கூடவே இதையும் சொன்னார்:

"சாமி, நீங்க மாத்தலாயி உங்க ஊருக்குப் போயிருவீங்க. நாங்க இங்கதானுங்க பொழைக்கோணும்."

பொது டம்ளர்

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். பள்ளியில் தண்ணீர்ப் பானைக்கு ஓர் ஆயா உண்டு. மற்றவர்களுக்கு எல்லாம் செம்பில் மொண்டு கொடுப்பார். ரங்கம்மாள் கை இரண்டையும் குவித்து நிற்க, உயரத்திலிருந்து ஊற்றுவார். அது பொறுக்காமல், எல்லோரும் இதில்தான் குடிக்கவேண்டும் என்று ஓர் அலுமினிய டம்ளர் வாங்கி வைத்தேன்.

மறுநாள் பைக்கட்டுகள் கலகலவென்று சத்தம் போட்டன. மற்ற நாற்பது பிள்ளைகளும் வீட்டிலிருந்து ஆளுக்கொரு டம்ளர் கொண்டுவந்திருந்தார்கள், பித்தளை, வெண்கலம், எல்லாவற்றிலும் பெயர் வெட்டி. ஒரு பையனின் டம்ளரில் அவன் அத்தையின் கல்யாணத் தேதி இருந்தது. பொது டம்ளரில் ரங்கம்மாள் மட்டும் குடித்தாள். தலையில் கைவைத்து உட்கார்ந்த என்னை ஆயா தேற்றினார்:

"விடுங்க சார். பள்ளிக்கூடத்துச் செலவுல தனி டம்ளரு அந்தப் புள்ளைக்கு மட்டுந்தானுங்க கெடச்சிருக்குது."

ருக்மணி செய்த உதவி

மகள் பிரசவத்துக்கு என்று ஆயா லீவில் போனார். கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்துப் பானையை நிரப்ப ஆள் இல்லை. பதிவேட்டு வரிசைப்படி நாளுக்கு ஒருவர் என்று முறை வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது, கடைசிப் பெயர் ரங்கம்மாள். அந்த வளவுக்காரர்கள் ஊரில் எந்தக் கிணற்றுக் கயிற்றையும் தொட்டதில்லை. அவள் பெயரைத் தாண்டினால் நான் வாத்தியாரே இல்லை. தாண்டாவிட்டால் அவள் படிப்பு அன்றோடு நின்றுவிடலாம். நான் ஒரு முடிவுக்கு வருவதற்குள் அவள் முறை வந்துவிட்டது.

அன்று காலையில் போனால் பானை நிறைந்திருந்தது. எதற்கு வம்பு என்று ருக்மணி முன்னாலேயே வந்து நிரப்பிவிட்டாளாம். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். ஆனால் ரங்கம்மாள் கிணற்றடியில் கண் நிறைய நீரோடு நின்றாள். முந்தின நாள் முழுக்க மரக்கிளையில் கயிறு போட்டு இழுத்துப் பழகியிருந்தாளாம். ருக்மணி அவளைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு பானையைச் சாய்த்து, அத்தனை தண்ணீரையும் முருங்கை மரத்தடியில் கொட்டினாள்.

"சேந்து புள்ளே, உன்ற முறைதான்."

கவுண்டர் வந்த வேலை

டிரில் முடிந்து வந்த பிள்ளைகளுக்கு நாக்கு வறண்டிருந்தது. ஒருவர் மாற்றி ஒருவராக டம்ளரை எடுத்து, ரங்கம்மாள் கிணற்றில் சேந்தி நிரப்பிய தண்ணீரைக் குடித்தார்கள். ஆறு பேர் மட்டும் குடிக்கவில்லை. மத்தியானமே சேதி தோட்டத்துக்குப் போய், நாச்சிமுத்துக் கவுண்டர் வந்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை, பள்ளிக்கூரைக்கு மரம் கொடுத்தவர். குரலை உயர்த்தாமல், இதெல்லாம் அவசியமா என்று கேட்டார். நான் வார்த்தை தேடுவதற்குள் முன் பலகையிலிருந்து ருக்மணி எழுந்தாள்.

"ஏனுங்கப்பா, நம்ம கெணத்துல மாடு பூட்டித் தண்ணி எறைக்கிற தோல்பறி இவங்கப்பன் தெச்சதுதானுங்களே? அந்தத் தண்ணியில வெளஞ்சதத்தானுங்க நாம திங்கறோம்?"

நான் சொல்லிக்கொடுத்தேனோ என்று அவர் என்னைப் பார்த்தார். சத்தியமாக இல்லை. வெயில் அதிகமாக இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். தண்ணீர் குடிக்கவில்லை. ஆனால் மறுநாள் ருக்மணி வழக்கம்போல வந்தாள், சின்னானும் வழக்கம்போல அவர் தோட்டத்தில்தான் பறி தைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்காத ஆறு பேரில் ஒருவனை மட்டும் வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள்.

அதற்கு அடுத்த நாள் ரங்கம்மாள் மேசையருகே வந்து, தன் முறை திரும்ப எப்போது வரும் என்று கேட்டாள். எண்ணிப் பார்த்தேன். முழுப்பரீட்சை முடிந்து லீவும் விட்டிருக்கும், இந்த வருஷம் வராது என்றேன். பதிவேட்டை எட்டிப் பார்த்தாள்.

"அப்ப என்ற பேரக் கொஞ்சம் மேல எழுதிருங்க சார்."

அந்த ஊரில் மூன்று வருஷம் பாடம் நடத்தியதாக எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் ஒரு வருஷம் முன் பலகையில் இருந்த இரண்டு பேர்தான் நடத்தினார்கள் என்று திருத்தச் சொல்ல எனக்கு அப்போது தைரியம் வரவில்லை.