காப்பி குடித்துவிட்டுப் போன ஆபரேஷன்

எங்கள் வீட்டில் காப்பிக்கு சாப்பாட்டில் சேர்த்தி இல்லை. ஏகாதசிக்குப் பட்டினி கிடப்பார்கள், காப்பி உண்டு. திவசத்தன்று சடங்கு முடிகிற வரை ஒரு பருக்கை வாயில் படக்கூடாது, காப்பி உண்டு. இரண்டு டம்ளர் குடித்துவிட்டு "இன்னும் ஒண்ணும் சாப்பிடலை" என்று சொல்கிறவரை மயிலாப்பூரில் யாரும் பொய்யர் என்று நினைக்கமாட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பொய் சொல்லும் வழக்கமே கிடையாது. அதனால்தான் இவ்வளவும் நடந்தது.

அம்மா மயக்க மருந்து டாக்டர். அவளைப் பெண் பார்த்துவிட்டு வந்த அன்று பெரியப்பா தெரு முழுக்க "ஆத்துக்கு டாக்டர் வரப்போறா" என்று சொன்னாராம். என்ன டாக்டர் என்று தெரிந்ததும் சொல்வது குறைந்துவிட்டது. கத்தி எடுப்பவர்தான் டாக்டர், மயக்கம் கொடுப்பது ஊசி போடுகிற வேலை என்பது அவருடைய தீர்ப்பு. தீர்ப்புக்கு மேல் அப்பீல் கிடையாது. அப்பா தன் அண்ணாவுக்கு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. குளத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த வீட்டில் கீழே பெரியப்பா குடும்பம், மாடியில் நாங்கள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்ட அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, கீழே தூங்கி மேலே அரட்டை அடிப்பாள். பெரியப்பாவின் பெண்ணும் நானும் ஒரே வகுப்பு. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சைக்கிள்.

எனக்கு ஒன்பது வயதானபோது பெரியப்பாவுக்குப் பித்தப்பையில் கல் என்றார்கள். தி.நகரில், புடவைக் கடைகளுக்கு நடுவே முகத்தை மட்டும் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நர்ஸிங் ஹோமில் ஆபரேஷன். நேரத்தைக் குறித்தது ஜோசியர், சர்ஜன் ஒப்புக்கொண்டார். மயக்கம் கொடுக்க யார் என்று கேட்டபோது பெரியப்பா, "நம்மாத்து மனுஷி இருக்கறச்சே வெளியாள் எதுக்கு?" என்றார். அம்மா டாக்டர் என்பதை அவர் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. அம்மாவுக்கு உள்ளூர சந்தோஷம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் கூடாது என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, விடியற்காலையில் வேறு ஒரு கேஸுக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

அன்று பள்ளிக்கூடம் லீவு. என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பெரியப்பா பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு, நெற்றியில் விபூதி கலையாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பெரியம்மாவும் அத்தையும் பக்கத்தில் நின்றார்கள். அம்மா நேராக வந்து அவர் நாடியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, காலைல ஏதாவது சாப்பிட்டேளா?" என்று கேட்டாள்.

"பச்சத் தண்ணி பல்லுல படலை."

வேறு டாக்டராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். அம்மா எங்கள் வீட்டில் பத்து வருஷம் குப்பை கொட்டியவள்.

"காப்பி?"

"காப்பி குடிச்சேன். அது தினம் குடிக்கறதுதானே."

"எப்போ?"

"ஆத்தவிட்டுக் கிளம்பறச்சே. இதோ, அரை மணி ஆகலை."

"பால் விட்ட காப்பியா?"

"பின்னே என்ன, கஷாயமா குடிப்பா?" என்று பெரியப்பா சிரித்தார். பெரியம்மாவும் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. "இப்போ ஆபரேஷன் கிடையாது" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

சர்ஜன் வந்தார். பெரிய பெயர் உள்ளவர். அவர் கைராசியைப் பற்றித் தி.நகர் முழுக்கப் பேச்சு. "மேடம், தொண்டைல டியூப் போட்டுத்தானே பண்ணப்போறோம்? ஒரு டம்ளர் காப்பிக்கு இவ்வளவு யோசிக்கிறீங்களே" என்றார்.

"டியூப் உள்ள போறதுக்கு முன்னாடிதான் சார் ஆபத்து" என்றாள் அம்மா. "மயங்கினப்புறம் இருமத் தெரியாது. வயித்துல இருக்கறது மேல வந்தா நேரா நுரையீரலுக்குப் போயிடும். உசிருக்கு அவசரம்னா துணிஞ்சு பண்ணலாம். இந்தக் கல்லு சாயங்காலமும் அங்கேயேதான் இருக்கும்."

சர்ஜன் கொஞ்சம் யோசித்து, மயக்கம் மேடத்தின் பொறுப்பு, அவர்கள் சொன்னால் சொன்னதுதான் என்று ஒதுங்கிக்கொண்டார். ஜோசியர் குறித்த நல்ல நேரம், நோயாளியைப் பார்க்க வந்தவர் போல எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. பெரியப்பாவின் முகம் சிவந்தது. தன்னைத் தம்பி பெண்டாட்டி நர்ஸுகள் முன்னால் திருடனை விசாரிக்கிற மாதிரி விசாரித்துவிட்டாள் என்றார். சாயங்காலம் இன்னொரு நல்ல நேரம் இருக்கிறது, அப்போது செய்யட்டும், ஆனால் இவள் உள்ளே வரக்கூடாது, வேறு ஆளைக் கூப்பிடுங்கள் என்றார்.

அப்பா அம்மாவை மாடிப்படி ஓரமாக அழைத்துப் போய், "ஒரு நாளைக்குக் கண்ண மூடிண்டு இருக்கப்படாதா?" என்று கேட்டார்.

"அவர் கண்ண மூடிண்டு கிடக்கறச்சே நானும் மூடிக்கணுமா?" என்றாள் அம்மா.

போகச் சொல்லியும் அவள் போகவில்லை. பெரியம்மாவின் பையில் இருந்த காப்பி பிளாஸ்க்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பெரியப்பாவின் அறை வாசலில் ஓர் இரும்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நான். பெரியம்மா போகும்போதும் வரும்போதும் சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். உள்ளேயிருந்து பெரியப்பாவின் குரல் எங்களுக்குக் கேட்க வேண்டும் என்றே உரக்க வந்தது. வெள்ளைப் புடவை கட்டிய ஆயா ஒருத்தி மட்டும் நின்று, "இன்னாம்மா, காலைலருந்து இங்கயே குந்திக்கினு கீறீங்க, பாப்பாக்கு எதுனா வாங்கியாரட்டா?" என்று கேட்டு, எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தாள்.

நான் பன்னைத் தின்றுகொண்டே, ஏன் வீட்டுக்குப் போகக்கூடாது என்று அம்மாவைக் கேட்டேன்.

"நான் எழுந்து போனா யாராவது பாவம்னு மறுபடியும் காப்பி கொடுத்துடுவா. வயிறு காலியாகட்டும்."

சாயங்காலம் வேறு மயக்க டாக்டர் ஹெல்மெட்டோடு வந்தார். அம்மா எழுந்துபோய் அவரிடம் காப்பி விஷயத்தையும் நேரத்தையும் சொல்லி, பிளாஸ்க்கைப் பெரியம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, என்னைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஆபரேஷன் நன்றாக நடந்தது. சர்ஜனுக்குப் பழத்தட்டு, கபாலீஸ்வரருக்கு அபிஷேகம். ஹெல்மெட்காரருக்குக்கூட ஒரு கும்பிடு கிடைத்ததாக அத்தை வந்து சொன்னாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. கீழேயிருந்து பேச்சு நின்றது, பிறகு மாடிக்குத் தண்ணீர் ஏறுவது நின்றது. அடையாறில் ஒரு வாடகை ஃபிளாட்டுக்குப் போனோம். சைக்கிள் பெரியப்பாவின் பெண்ணோடு தங்கிவிட்டது. எனக்கு அம்மாமேல்தான் கோபம். ஒரு டம்ளர் காப்பிக்காக யாராவது வீட்டை விட்டு வருவார்களா?

பெரியப்பாவுக்கோ அந்தக் காப்பி ஒரு பட்டம் மாதிரி ஆகிவிட்டது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் ஆரம்பித்துவிடுவார். "நான் காப்பி குடிச்சுட்டுத்தான் ஆபரேஷனுக்குப் போனேன். என் தம்பி ஆம்படையா நான் செத்துடுவேன்னு பயமுறுத்தினா. இன்னொருத்தர் வந்து ஜம்முனு பண்ணிட்டுப் போனார். என்ன ஆச்சு எனக்கு?" அவருடைய கதையில் காலை, சாயங்காலம் என்றெல்லாம் கிடையாது. டம்ளரைக் கீழே வைத்த கையோடு ஆபரேஷன் மேஜையில் ஏறிப் படுத்துவிடுவார். எத்தனை தடவை கேட்டாலும் எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அத்தைக்குத் தைராய்டு கட்டி. எங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் அம்மா ஏதாவது சட்டம் பேசுவாள், நாள் தள்ளிப்போகும் என்று பெரியப்பாவே ஏற்பாடுகளைச் செய்துவிட்டார். அன்று காலை, காப்பி இல்லாமல் தலையை வலிக்கிறது என்று அத்தை சொல்லியிருக்கிறாள். "குடியேன். நான் குடிக்கலையா?" என்று அவரே தன் கையால் ஆற்றிக் கொடுத்திருக்கிறார். தங்கையிடம் அவருக்கு உயிர். அங்கிருந்த மயக்க டாக்டர் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். அத்தை இல்லை என்றாள்.

எங்களுக்குத் தகவல் வந்தபோது அத்தை வென்டிலேட்டரில் இருந்தாள். அம்மா அங்கேயே கிடந்தாள். ஒரு வாரம் நுரையீரலோடு போராடிவிட்டு அத்தை போய்விட்டாள். அந்த டாக்டர்மேல் கேஸ் போடலாமா என்று அப்பா அழுதுகொண்டே கேட்டபோது அம்மா, "சாப்பிட்டேளான்னு அவர் கேட்டார். சாப்பிடலைன்னு இவ சொன்னா. ரெண்டு பேரும் பொய் சொல்லலையே" என்றாள். பிறகு வெகுநேரம் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

பதின்மூன்றாம் நாள், சுபத்தன்று, கூடம் நிறைய உறவுக்காரர்கள். பெரியப்பா அதற்குள் பத்து வயது கூடியவராக ஆகியிருந்தார். ஆனாலும் வந்தவர்களிடம் எல்லாம், "நானும் இதே காப்பியத்தான் குடிச்சுட்டுப் போனேன். எனக்கு ஒண்ணும் ஆகலை. அவ விதி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா இலை போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று அப்பா பயந்துபோய்ப் பார்த்தார். அவள் அடுத்த இலையைப் போட்டாள்.

எனக்குப் பெரியப்பா சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஒரே வீட்டுக் காப்பி, ஒருவர் பிழைத்தார், ஒருத்தி போனாள், இதற்கு விதி என்பதைத் தவிர வேறு என்ன பெயர் வைப்பது? கூடத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பெரியப்பா குடித்த காப்பிக்கும் அவருடைய ஆபரேஷனுக்கும் நடுவே ஒரு பகல் முழுக்க யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது, பக்கத்திலேயே உட்கார்ந்து பன் தின்ற எனக்கு அன்று தெரியவில்லை.